பழைய வேட்டைக் கத்தி வாங்கப் போகிறீர்களா? ஷெஃபீல்டா, சோலிங்கனா, அமெரிக்காவா, திருப்பாச்சேத்தியா?

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடலாம் என்று இருந்த நேரத்தில், தங்கையின் வீட்டுக்காரர் காரைக்குடியிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினார். முனீஸ்வரன் கோயில் தெருவில் ஏதோ ஒரு பழம்பொருள் கடை. தேக்குப் பெட்டி மேல் பழைய பேப்பரை விரித்து அதன்மேல் ஒரு வேட்டைக் கத்தி. ஐந்து அங்குல அலகு இருக்கும், பித்தளைக் குறுக்குத்தகடு, சொரசொரவென்று வரியோடிய மான்கொம்புப் பிடி, தோல் உறையின் தையல் ஒரு பக்கம் பிரிந்து தொங்குகிறது. அடுத்த நிமிஷமே போன்.

“மச்சான், பன்னெண்டாயிரம் சொல்றாரு, எட்டுக்கு முடிச்சிரலாம். ஜெர்மன்காரன் சரக்கு. வாங்கிரவா?”

“பிடி என்ன மாப்ள?”

“மான்கொம்பு மச்சான். அசல்.”

“அப்ப இருந்த இடத்துலயே வெச்சிட்டு வண்டிய எடுங்க.”

ரெண்டு நாள் மாப்பிள்ளை என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார், ஆனால் கேள்வியோடு: சரி, அது வேண்டாம் என்றால் வேறு எது? கையில் ஒரு பதினைந்தாயிரம் வைத்திருக்கிறார், மடக்குக் கத்தியில் ஆசை இல்லை, உறையில் செருகுகிற நேர்க்கத்திதான் வேண்டும், அதுவும் பழசு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆரம்பிக்கலாமா, ஜெர்மனியின் சோலிங்கனா, அமெரிக்காவா, இல்லை நம்ம ஊர்ப் பட்டறைச் சரக்கே போதுமா? அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், இதே கேள்வியோடு மதுரையில் இன்னும் நாலு பேராவது இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்.

கத்தி சேர்க்கிறவர்கள் பொதுவாகக் கம்பெனி முத்திரையைப் பார்ப்பார்கள், அப்புறம் அலகு, அப்புறம் உறை, கடைசியில்தான் பிடி. நம்ம ஊரில் இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பதுதான் என் கட்சி. சட்டமும் வெயிலும் கைவைப்பது பிடியில்தான்.

முதலில் சட்டம், ஏனென்றால் மாப்பிள்ளை அதில்தான் காலை விடப் பார்த்தார். உலகம் முழுக்கக் கத்திக்காரர்கள் ‘இந்தியன் ஸ்டாக்’ (ஸ்டாக் என்றால் ஆண்மான்) என்று நாக்கில் எச்சில் ஊறச் சொல்கிற பிடி வேறு ஒன்றும் இல்லை, நம்ம கடமான் கொம்பு, தெற்கே மிளா என்கிறோமே அதுதான். மற்ற மான்களின் கொம்பை விட இது உள்ளே கெட்டி, அதனால் ஆணி அடித்தாலும் பிளக்காது. ஷெஃபீல்டும் சோலிங்கனும் பல தலைமுறைகளாக இதை இங்கிருந்து வரவழைத்துதான் பிடி போட்டார்கள். 1998-இல் இந்தியா கொம்பு ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. உள்நாட்டில் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மான் தானாக உதிர்த்த கொம்புதானே, யாரையும் கொல்லவில்லையே என்ற வாதம் அங்கே நிற்காது. தாத்தா காலத்துப் பொருள் என்று உரிமைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கூட அதை விலைக்கு விற்க முடியாது. ஆக, எட்டாயிரம் கொடுத்து மாப்பிள்ளை வாங்கியிருந்தால் அவருக்குக் கிடைத்திருப்பது கத்தி பாதி, கேஸ் பாதி. நம்ம காட்டிலிருந்து ஜெர்மனிக்குப் போய், பிடியாகி, ஏதோ எஸ்டேட் துரை இடுப்பில் திரும்பி வந்த கொம்பை, நம்ம ஊரில் உட்கார்ந்துகொண்டு நாம் தொட முடியாது என்பது வேடிக்கைதான். இருந்தாலும் சட்டம் சரி என்பேன், மேகமலைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

யானைத் தந்தப் பிடி என்றால் யோசிக்கவே வேண்டாம், கையில் எடுத்துப் பார்க்கக்கூட நிற்காமல் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

இன்னொரு சட்டம் அலகைப் பற்றியது. ஆயுத விதிகளில் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதக் கணக்கில் வரும். வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்று செய்தவை அதில் சேராது. வேட்டைக் கத்தி பெரும்பாலும் நாலு முதல் ஆறு அங்குலம்தான் என்பதால் அளவில் பிரச்சினை வராது. ஆனால் பீரோவில் வைத்திருப்பது வேறு, இடுப்பில் செருகிக்கொண்டு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுவது வேறு. ‘நான் சேகரிப்பாளர் சார்’ என்று ராத்திரி பத்து மணிக்கு ஒரு எஸ்.ஐ.யிடம் விளக்குகிற நிலைமை யாருக்கும் வேண்டாம்.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஷெஃபீல்டு. நம்ம பக்கம் பழைய வீடுகளில் அதிகம் கிடைப்பது இதுதான். கொடைக்கானல் பங்களாக்கள், மூணாறு எஸ்டேட்டுகள், ஜமீன் வீடுகள், இங்கெல்லாம் துரைமார் விட்டுப்போனதும் துரைமார் மாதிரி இருக்க ஆசைப்பட்டவர்கள் வாங்கியதும் கலந்து கிடக்கும். பெயர் என்று பார்த்தால் ஜோசப் ராட்ஜர்ஸ், ஜார்ஜ் வாஸ்டன்ஹோம், இந்த இரண்டைத்தான் முதலில் தேடுவார்கள். ராட்ஜர்ஸ் முத்திரையில் ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டா சிலுவையும் இருக்கும். வாஸ்டன்ஹோம் கத்தியில் ஐ, எக்ஸ், எல் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் (‘ஐ எக்செல்’ என்று வாசித்துக்கொள்ள வேண்டுமாம்). வயசு கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. 1890-இல் அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் போட்டது, உள்ளே வருகிற பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று அடித்திருக்க வேண்டும் என்று. அதனால் ‘இங்கிலாந்து’ என்று ஆங்கிலத்தில் அடித்திருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அலகில் கிரீட முத்திரை அடித்து, அதன் பக்கத்தில் வி.ஆர். என்றிருந்தால் விக்டோரியா காலம், ஜி.ஆர். என்றால் ஜார்ஜ் மன்னர்கள் காலம். ஆனால் கிரீடத்தை மட்டும் பார்த்து மயங்கிவிடாதீர்கள், அதை அடிக்க ஒரு சுத்தியலும் ஒரு அச்சும் போதும்.

எனக்கு விழுந்த அடி அப்படித்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்ச் சங்கம் ரோட்டு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், சைக்கிள் செயினுக்கும் பழைய மிக்ஸி ஜாருக்கும் நடுவில் ஒரு ‘ராட்ஜர்ஸ்’ கிடந்தது. கருங்காலிப் பிடி, நல்ல கனம். விற்றவர் ஆயிரத்து எண்ணூறு சொன்னார், நான் பேரம்கூட சரியாகப் பேசவில்லை, வேறு யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பெயரின் நடுவில் இருக்க வேண்டிய ஆங்கில ‘டி’ எழுத்தையே காணோம். நட்சத்திரத்துக்கு ஆறு முனைக்குப் பதில் என்னவோ சிலந்தி மாதிரி ஒன்று. எந்த ஊரில் எவர் அடித்தாரோ, இரும்பு மட்டும் நல்ல இரும்பு, இன்றைக்கும் அம்மா அதில்தான் தேங்காய்ச் சில் எடுக்கிறாள்.

ஷெஃபீல்டின் பலம் அதன் எஃகு. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்கிற கடிகாரக்காரர் அங்கே மூசையில், அதாவது உலோகம் உருக்குகிற மண்குடுவையில், எஃகு உருக்கக் கற்றுக்கொண்டார், ஏற்கனவே கத்திக்குப் பேர்போன அந்த ஊரின் எஃகுக்குப் பெயர் வந்தது அதிலிருந்துதான். (மூசையில் உருக்குவது நமக்குப் புதுசு இல்லை. தமிழ்நாட்டிலேயே கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் அதற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 1820 வாக்கில் மைக்கேல் ஃபாரடே லண்டனில் உட்கார்ந்து நம்ம நாட்டு எஃகை ஆராய்ந்துகொண்டிருந்தார்.) பலவீனம் என்னவென்றால் அது எவர்சில்வர் கிடையாது, கரிமம் கூடின எஃகு, எலுமிச்சம்பழத்தை அறுத்துவிட்டு அப்படியே வைத்தால் சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும். அப்புறம் பிடி. மான்கொம்பும் தந்தமும் போக மிச்சம் இருப்பது கருங்காலி, ரோஸ்வுட், எருமைக் கொம்பு, மாட்டெலும்பு. மரப்பிடி ஷெஃபீல்டு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அதாவது கண்ணைத் திறந்து எழுத்துகளை எண்ணிவிட்டு. எருமைக் கொம்பு சட்டத்துக்கு ஆகாதது இல்லை, வீட்டு எருமைதான், ஆனால் அதில் பூச்சி விழும். பீரோவில் ஒரு வருஷம் கவனிக்காமல் விட்டால் ஊசியால் கிள்ளின மாதிரி குழிகுழியாக அரித்து வைத்திருக்கும்.

சோலிங்கன். மனசை மறைக்காமல் சொன்னால் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், வாங்காதீர்கள் என்று சொல்வதும் இதைத்தான். வேலைப்பாட்டில் ஷெஃபீல்டுக்காரர்கள் கை போன போக்கில் செய்ததை இவர்கள் நூல் பிடித்துச் செய்தார்கள். பூமா கம்பெனி 1769-இலிருந்து இருக்கிறது. அவர்களுடைய ‘ஒயிட் ஹன்டர்’ 1956-இல் வந்தது, ஆப்பிரிக்க வேட்டைக்காரர்களை மனசில் வைத்துச் செய்த அகலமான கத்தி, முதுகில் ஒரு பகுதி கோடாலி மாதிரி கொத்துவதற்கென்றே தீட்டியிருக்கும். 1964-இலிருந்து பூமா கத்திகளில் ஒரு எண் அடிக்கிறார்கள், அதை வைத்து எந்த வருஷம், எந்தக் காலாண்டு என்றுவரை சொல்லிவிடலாம். அலகில் சின்னதாக ஒரு புள்ளிக் குழி இருக்கும், குண்டூசித் தலை அளவு. அது அடிபட்டது இல்லை, எஃகின் கடினத்தைச் சோதித்த அடையாளம். சந்தையில் ஒருத்தர் அதைக் காட்டி ‘கொஞ்சம் டேமேஜ்’ என்று விலை குறைத்துக் கொடுத்ததாக ஒரு நண்பர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

‘சோலிங்கன்’ என்ற ஊர்ப்பெயரை வேறு எவரும் கத்தியில் அடிக்கக் கூடாது என்று ஜெர்மனியில் 1938-இல் சட்டமே போட்டார்கள். நாட்டின் பெயரும் வயசைச் சொல்லும். ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் நடுவில். இவ்வளவு நல்ல ஆதாரம் வேறு எந்த ஊர்க் கத்திக்கும் கிடையாது. ஆனால் என்ன பிரயோஜனம், நல்ல சோலிங்கன் வேட்டைக் கத்தி பத்தில் எட்டு மான்கொம்புப் பிடிதான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமே என்றால், ‘இது ஐரோப்பியச் செம்மான் சார், நம்ம கடமான் இல்லை’ என்று சுங்கத்தில் நின்று யார் நிரூபிப்பது? மரப்பிடியோ பிளாஸ்டிக் பிடியோ உள்ள சோலிங்கன் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பட்டால்தான்.

கொம்பா இல்லையா என்று பார்ப்பது எப்படி என்று மாப்பிள்ளை கேட்டார். பிடியின் அடிப்பக்கம் மூடி இல்லாமல் திறந்திருந்தால் சுலபம், அசல் கொம்பின் நடுவில் பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். எலும்பில் குறுக்குவெட்டில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். எதுவும் தெரியாமல் ஒரே சீராக வழவழவென்று இருந்தால் பிளாஸ்டிக் வகை. அதிலும் பழைய செல்லுலாய்டு என்றால் கட்டைவிரலால் சூடு ஏறும்வரை அழுத்தித் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசனை வரும். ஆமாம், சாமிக்கு ஏற்றுகிற அதே கற்பூரம், அதைச் சேர்த்துத்தான் செல்லுலாய்டு செய்தார்கள். வாசனை வந்ததும் பக்தியோடு கும்பிட்டு வைத்துவிட்டு வந்துவிடுங்கள். செல்லுலாய்டு வயசாக ஆகச் சிதைந்து அமில வாயு விடும். பக்கத்தில் படுத்திருக்கிற மற்றக் கத்திகளையும் சேர்த்துத் துரு ஏற்றிவிடும். மதுரை வெயிலில், மொட்டைமாடிக்குக் கீழ் ரூமில், இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஒரு கெட்டுப்போன பிடி ஒரு டிராயரையே காலி பண்ணின கதை உண்டு.

அமெரிக்கா. மாப்பிள்ளைக்கு நான் காட்டிய வழி இதுதான், அவர் முகம் சுளித்தார், ‘அமெரிக்காக்காரனுக்கு என்ன மச்சான் பாரம்பரியம்’ என்று. வேட்டைக் கத்தி என்று இன்று நாம் மனசில் நினைக்கிற உருவத்தையே, அந்தக் குட்டையான, கைக்கு அடங்கின, தோல் வட்டுகளை அடுக்கின பிடியோடு கூடிய உருவத்தை, பிரபலமாக்கினவர்கள் அவர்கள்தான். மிச்சிகனில் கிளாட்ஸ்டன் என்ற சின்ன ஊரில் வெப்ஸ்டர் மார்பிள் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்ய ஆரம்பித்தார், ‘ஐடியல்’ என்று பெயர். அதன் அலகில் ஆழமாக ஒரு பள்ளம் ஓடும். அதை ரத்தம் வழிய விட்ட வாய்க்கால் என்று சந்தையில் ரசித்து ரசித்துச் சொல்வார்கள். அலகின் எடையைக் குறைக்கப் போட்ட பள்ளம், அவ்வளவுதான். அதே கம்பெனியின் ‘உட்கிராஃப்ட்’ கத்தியில் 1916 காப்புரிமை என்று அடித்திருக்கும், அது காப்புரிமை வருஷம், கத்தி செய்த வருஷம் இல்லை. இதைக் காட்டி நூறு வருஷத்துக் கத்தி என்று விலை சொல்கிறவர்கள் உண்டு.

மார்பிள் கத்தி விலை ஏறிவிட்டது, பதினைந்தாயிரத்தில் நல்லது கிடைக்காது. அதற்கு அடுத்த படியில்தான் நம்ம சங்கதி. கொலராடோ மாநிலத்தில் போல்டர் என்ற ஊரில் செய்த வெஸ்டர்ன், பக் கம்பெனியின் 119, ஷ்ரேடின் ‘ஓல்டு டைமர்’ வரிசை. பக் 119 ஆறு அங்குல அலகு, கறுப்பு பீனாலிக் (கெட்டிப் பிளாஸ்டிக் வகை) பிடி, தண்ணீருக்கும் வெயிலுக்கும் அசையாது. 1986-இலிருந்து மாடல் எண்ணுக்குப் பக்கத்தில் வருஷத்துக்கு ஒரு குறி அடிக்கிறார்கள். குறி இல்லை என்றால் அதற்கும் முந்தியது. கம்பெனி 2005-இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஐடஹோவுக்குப் போய்விட்டது, அதனால் பழசைத் தேடுகிறவர்களுக்குக் கலிஃபோர்னியாக் கத்தி என்றால் ஒரு தனி ஆசை. ஷ்ரேடு நியூயார்க் மாநிலத்தில் எல்லன்வில்லில் இருந்தது, 2004-இல் மூடிவிட்டார்கள். அதே பெயரில் இப்போது சீனாவிலிருந்து வருவதை வாங்கிவிட்டுப் பழசு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கா என்று அடித்திருக்க வேண்டும்.

என்னிடம் ஷ்ரேடின் ‘ஷார்ப்ஃபிங்கர்’ ஒன்று இருக்கிறது. பெரியப்பா மகன் டாலஸிலிருந்து வரும்போது செக்-இன் பெட்டியில், பனியனுக்குள் சுற்றிக் கொண்டுவந்தான். மூன்றரை அங்குல அலகு, மேல்நோக்கி வளைந்து கூராக முடியும், கிளி மூக்கைத் திருப்பி வைத்த மாதிரி. பிடி மான்கொம்பு போலவே வரியோடிய பழுப்பு நிறப் பிளாஸ்டிக், மூன்று பித்தளை ஆணி, நடுவில் கேடயம் மாதிரி ஒரு சின்னத் தகடு. கையில் எடுத்தால் கொம்பு இல்லை என்று உடனே தெரியும், கொஞ்சம் குளிர்ச்சி குறைவு, கொஞ்சம் லேசு. ஆனால் அசல் கொம்பைப் பார்த்துப் பார்த்து யாரோ ஒருத்தர் அந்த வரிகளை உட்கார்ந்து செதுக்கியிருக்கிறார் என்பது தெரிகிறது. அசல் கொம்பு கூடாது என்று ஆகிவிட்ட நமக்கு இந்தப் போலிதான் அசல். அமெரிக்காவில் இதை யாரும் பெரிதாக மதிப்பதில்லை, லட்சக்கணக்கில் செய்த கத்தி என்பார்கள். நல்லதுதான், நமக்கு விலை குறைகிறது.

தோல்பிடி பற்றி ஒரு எச்சரிக்கை. வெஸ்டர்ன் கத்திகளில் பிடிக்குள் போகிற இரும்பு வால் மீது தோல் வட்டுகளை வடை கோத்த மாதிரி கோத்து, அடியில் ஒரு அலுமினியக் குமிழ் வைத்து இறுக்கியிருப்பார்கள். பார்க்க அழகு, பிடிக்கச் சுகம். சித்திரை வெயிலில் தோல் சுருங்கி வட்டுக்கு வட்டு இடைவெளி விழும், ஐப்பசி மழையில் ஈரம் அதில் போய் உட்காரும், உள்ளே இருக்கிற இரும்பு நமக்குத் தெரியாமல் துருப்பிடிக்கும். வாங்கும்போது பிடியை முறுக்கிப் பாருங்கள், வட்டு சுற்றினால் வேண்டாம். சுற்றாமல் கெட்டியாக இருந்தால் வாங்கி, வருஷத்துக்கு ரெண்டு தடவை தேன்மெழுகு தேய்த்தால் போதும். எண்ணெயை ஊற்றிக் குளிப்பாட்டாதீர்கள், தோல் பஞ்சாகிவிடும்.

ராணுவக் கத்திகளையும் சுவீடன் மோரா கத்திகளையும் மாப்பிள்ளை கேட்டார். அமெரிக்கக் கடற்படைக் காலாட்படைக்கென்று 1942-இல் வந்த கா-பார் ரகக் கத்தி ஏழு அங்குலம், அது வேட்டைக்குச் செய்ததில்லை, அந்தப் பக்கம் போனால் அது தனி உலகம், தனிச் செலவு. மோரா நல்ல கத்தி, சமையலுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஆன்லைனில் ‘டமாஸ்கஸ் வேட்டைக் கத்தி, பழங்காலம்’ என்று அலையலையாகக் கோலம் போட்டு வருவதெல்லாம் போன மாசம் செய்தது.

கடைசியாகத் திருப்பாச்சேத்தி. மதுரையிலிருந்து மானாமதுரை போகிற ரோட்டில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அருவாளுக்குப் பேர்போன ஊர். அங்கே போய் ஒரு வேட்டைக் கத்தி அடித்து வாங்கிவிட்டால் முத்திரை, போலி, சுங்கம் எந்தத் தலைவலியும் இல்லையே என்பது மாப்பிள்ளையின் யோசனை. லாரிப் பட்டையை உலையில் காய்ச்சி அடித்து, தோய்ச்சல் சரியாகக் காட்டினால் ஷெஃபீல்டு தோற்றுவிடும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது புதுசு. பழசு சேர்க்கிறவனுக்கு அது கணக்கில் வராது. பழைய உள்ளூர்க் கத்திகளில் முத்திரை இருக்காது, யார் செய்தது, எப்போது என்று சொல்ல வழியில்லை, பக்கத்து வீட்டுக் கிழவர் சொல்வதுதான் சான்றிதழ். அப்புறம், 2021-இல் போலீஸ் சோதனை நடந்தபோது கத்தி, அருவாள் வாங்க வருகிறவர்களின் பெயர், முகவரி, போன் நம்பரை எழுதி வைக்க வேண்டும் என்று பட்டறைக்காரர்களுக்குச் சொன்னார்கள். எழுதிக் கொடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய இரும்புக்கடைகளில் சில சமயம் சந்தனமும் குங்குமமும் காய்ந்துபோன அருவாள் வரும். அது கருப்பசாமிக்கு யாரோ நேர்ந்து வைத்தது. எவ்வளவு பழசாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன், வாங்கினாலும் அம்மா வாசல்படி தாண்ட விட மாட்டாள்.

சந்தனம் என்றதும் ஞாபகம் வருகிறது. ரெண்டு வருஷத்துக்கு முந்தின ஆயுத பூஜையில் என் கத்திகளையெல்லாம் வரிசையாக வைத்து, அம்மா ஒவ்வொன்றுக்கும் அலகின் நடுவில் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தாள். சரஸ்வதி பூஜையன்று பூஜையில் வைத்த பொருளைத் தொடக் கூடாது, மறுநாள் காலைதான் எடுக்க வேண்டும். மறுநாள் எடுத்தால் வெஸ்டர்ன் அலகில் பொட்டு இருந்த இடத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகச் செந்துரு. துடைத்த பிறகும் பொடிப்பொடியாகக் குழி நின்றுவிட்டது. ஷார்ப்ஃபிங்கருக்கும் கிட்டத்தட்ட அதே கதி. பக்கத்தில் இருந்த எவர்சில்வர் அலகுக் கத்திக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. இப்போதெல்லாம் பொட்டு பிடிக்குத்தான், அலகுக்கு இல்லை என்று வீட்டில் ஒப்பந்தம்.

கறுத்த துரு இருந்தால் விட்டுவிடுங்கள், அது அலகுக்கு ஒரு போர்வை. சிவந்த துருவை மட்டும் எடுக்க வேண்டும். உப்புத்தாள் வேண்டாம், சாணைக்காரர் வேண்டவே வேண்டாம். அவர் சக்கரத்தில் ஒரு தடவை ஏறி இறங்கினால் முத்திரை எழுத்துகள் மெழுகு மாதிரி உருகிப்போகும், அலகு சூடாகி நீலம் பாய்ந்தால் பதமும் போச்சு. தையல் மெஷின் எண்ணெயை இரண்டு சொட்டு விட்டு, பழைய ஓட்டைக் காலணாவின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். காலணா எஃகை விட மெத்தென்று இருப்பதால் அலகில் கீறல் விழாது. தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், நாளானால் சிக்குப் பிடித்து நாற்றம் அடிக்கும். கத்தியை உறைக்குள்ளேயே வைத்திருக்காதீர்கள், தோல் ஈரம் இழுக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். உறை தனியாக, கத்தி தனியாக.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மாப்பிள்ளை என்ன செய்தார் என்றால், அடுத்த வாரமே காரைக்குடிக்குப் போனார். அதே கடை. மான்கொம்பு இன்னும் அங்கேயே இருந்ததாம், விலை ஆறாயிரத்துக்கு இறங்கியிருந்ததாம், பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டேன் மச்சான் என்றார், குரலில் ஒரு பெருமை. உள்ளே தள்ளி ஒரு தகர டப்பாவில் கரண்டிகளோடு கிடந்த ரோஸ்வுட் பிடிக் கத்தி ஒன்றை மூவாயிரத்து இருநூறுக்கு எடுத்திருக்கிறார். ஷெஃபீல்டு, ‘இங்கிலாந்து’ அடித்திருக்கிறது, பெயரில் எல்லா எழுத்தும் இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன். நுனியில் ஒரு நெல்முனை அளவு ஒடிந்திருக்கிறது, அதனால்தான் அந்த விலை. மிச்சப் பணத்தில் ஒரு பழைய பக் 119 தேடிக்கொண்டிருக்கிறோம்.

உறை இல்லை. விளக்குத்தூண் பக்கம் தோல் வேலை செய்கிற பெரியவர் ஒருத்தரிடம் செய்யச் சொல்லலாம் என்றேன், அளவு எடுக்கக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குள் போகாதீர்கள், பேப்பரில் வரைந்து கொண்டுபோங்கள் என்றும் சொன்னேன். என் மருமகளின் டிராயிங் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, கத்தியை அதன்மேல் வைத்து ஓரம் போட்டு வரைந்திருக்கிறார். பெரியவர் தாளை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதென்ன தம்பி, மீனா?” என்று கேட்டாராம். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.